எட்டாம் அத்தியாயத்தில் இருக்கிற வீடு

தென் மாவட்டத்துத் தீப்பெட்டி ஊர் ஒன்றிலிருந்து பதினேழரை வயது மாணவி ஒருவர் ஆறு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயர், ஊர், அடையாளம் தரக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சாரம் இது.

அப்பா குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அம்மா பகலில் தீப்பெட்டி ஆலைக்குப் போகிறார், இரவில் வீட்டில் உட்கார்ந்து பெட்டிக்குக் குச்சி அடைக்கிறார். தம்பி எட்டாம் வகுப்பு. தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில்தான் இவர்கள் இருந்திருக்கிறார்கள். அப்பா இறந்த நான்காவது மாதம், ஆஸ்பத்திரிக் கடனை அடைக்கப் பெரியப்பா 40,000 ரூபாய் கொடுத்து, அம்மாவைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போய்க் கையெழுத்து வாங்கினார். அப்புறம் வாடகை வீடு.

இந்தப் பெண் பத்தாம் வகுப்பிலிருந்து மூன்று நோட்டுகளில் ஒரு நாவல் எழுதியிருக்கிறார். நாயகி செல்லக்கனிக்குப் பதினான்கு வயது. "எங்கள் பள்ளி நூலகத்தில் என்னை மாதிரிப் பிள்ளைகள் இருக்கிற கதையே இல்லை மேடம், அதனால் எழுதினேன்" என்கிறார். ஒரு பதிப்பகம் 100 பிரதி அச்சிட 24,000 ரூபாய் கேட்கிறது. மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தருகிறேன் என்று அம்மா சொல்கிறார். விஷயம் தெரிந்த பெரியப்பா, "செத்தவனையும் என்னையும் அசிங்கப்படுத்தி எழுதினால் போலீஸில் சொல்லி உள்ளே தள்ளுவேன், ஊர்க் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்க வைப்பேன்" என்று மிரட்டியிருக்கிறார்.

கேள்விகள் இவை: பெயரை மாற்றிவிட்டால் போதுமா? பதிவு செய்யாததால் கதையைப் பதிப்பகம் எடுத்துக்கொள்ளுமா? மைனர் என்பதால் பெரியப்பா கையெழுத்து வேண்டுமா? புத்தகம் விற்று அம்மாவின் 60,000 ரூபாய் கடனை அடைத்துவிட்டு, அடுத்த வருடம் காலேஜில் சேரலாமா?

என் மகளுக்கு உன்னைவிட இரண்டு வயது அதிகம், அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன் அம்மா. நீ அனுப்பிய ஜெராக்ஸ் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். செல்லக்கனி ரேஷன் அரிசியை டம்ளரில் அளந்து, பானையில் போடப் போனவள் ஒரு கைப்பிடியைத் திரும்பவும் பையில் போடுகிறாள். "எனக்கு வேண்டாம்மா, சத்துணவு சாப்பிட்டேன்" என்கிறாள். அம்மா சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்க்கிறாள். சனிக்கிழமை. ஒன்றும் சொல்லாமல் அடுப்பை ஊதுகிறாள். இதை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு எழுதச் சொல்லித் தர என்னிடம் ஒன்றும் இல்லை. சட்டத்தில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீ கேட்காத கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் பெரியது.

வீடு

எட்டாம் அத்தியாயத்தில் செல்லக்கனியின் அம்மா பத்திர ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து, மைப்பெட்டியில் விரலை வைத்து, எழுந்து வருகிறாள். "வீடு போனது" என்று அத்தியாயம் முடிகிறது. நீ நிஜமாகவே அப்படித்தான் நம்புகிறாய் என்று கடிதத்தைப் பார்த்தால் தெரிகிறது. வீடு மொத்தமாகப் போய்விட்டது என்று நீயாக முடிவு கட்டாதே.

தாத்தா உயில் எழுதாமல் இறந்தார், பாட்டி அவருக்கு முன்பே போய்விட்டார், பிள்ளைகள் உன் பெரியப்பாவும் அப்பாவும் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி வீட்டில் பாதி உன் அப்பாவுக்கு வந்தது. அவர் இறந்ததும் அந்தப் பாதி அம்மா, நீ, தம்பி மூன்று பேருக்கும் சமமாக வந்தது. மொத்த வீட்டில் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. பெண் என்பதால் உனக்குக் குறையாது, தம்பி என்பதால் அவனுக்குக் கூடாது.

அம்மா போட்டது விடுதலைப் பத்திரமாக இருக்கலாம். தன் பங்கை அவர் விட்டுக்கொடுத்தது செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். உன் பங்கும் தம்பி பங்கும் வேறு கதை. மைனர் பிள்ளையின் அசையாச் சொத்தை விற்கவோ விடுதலை செய்யவோ வேண்டுமானால், தாயாகவே இருந்தாலும் முன்கூட்டி நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டும். இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. அனுமதி இல்லாமல் எழுதிய பத்திரத்தை அந்தப் பிள்ளை ரத்து செய்யக் கேட்கலாம். கேட்பதற்குக் காலக்கெடு, பதினெட்டு முடிந்ததிலிருந்து மூன்று வருடம். உனக்கு வரும் நவம்பரில் பதினெட்டு என்றால், இருபத்தொன்று முடிகிற வரை நேரம் இருக்கிறது. உங்கள் இருவருக்காகவும் அம்மா கையெழுத்தே போடாமல், தனக்கு மட்டும் போட்டிருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பங்கு கைமாறவே இல்லை என்று வாதாடலாம்.

இதற்கு மேல் பத்திரத்தைப் பார்க்காமல் சொல்லக் கூடாது. தாத்தாவுக்கு அந்த மனை பூர்வீகமாக வந்ததா, சொந்தப் பணத்தில் வாங்கினாரா என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும். பெரியப்பா கொடுத்த 40,000 ரூபாயில் உங்கள் பங்குக்கு எவ்வளவு என்ற கேள்வியும் வரும். வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் இழுக்கலாம், உறவு முறியலாம். பல குடும்பங்களில் வக்கீல் நோட்டீஸ் போனதும் பேச்சுவார்த்தைக்கு இறங்கி வருகிறார்கள். உங்கள் விஷயத்திலும் அப்படி நடக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. எப்படியானாலும் அந்தப் பத்திரத்தின் நகலும் வில்லங்கச் சான்றும் உன் கையில் இருக்க வேண்டும். வில்லங்க விவரத்தைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம்.

அம்மா மேல் கோபப்படாதே. கணவன் இறந்து நான்கே மாதம், வாசலில் கடன்காரர்கள், கையில் இரண்டு பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களே அந்த நிலையில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

பெரியப்பாவின் மிரட்டல்

அவதூறு என்பது இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. 2024 ஜூலை வரை இந்திய தண்டனைச் சட்டத்தின் 499, 500ஆம் பிரிவுகளாக இருந்தவைதான். அவதூறுக்காகப் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து யாரையும் பிடித்துக்கொண்டு போக முடியாது. பாதிக்கப்பட்டதாகச் சொல்பவர் மாஜிஸ்திரேட் முன்னால் போய்ப் புகார் கொடுத்து நிரூபிக்க வேண்டும். ஆகவே "உள்ளே தள்ளுவேன்" என்பது வெறும் பேச்சு.

செத்தவரைப் பற்றி எழுதினால் அவதூறே ஆகாதா என்றால், ஆகலாம். எழுதியது அவர் உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் என்பதாகவும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு எழுதியதாகவும் இருக்க வேண்டும். ஒரு மகள் தன் அப்பாவின் குடியைப் பற்றி எழுதியதில் அந்த எண்ணத்தைக் காட்டுவது சுலபமில்லை. நான் படித்த பக்கங்களில் உன் அப்பா ஒரு இடத்தில் சம்பளத்தன்று பரோட்டாப் பொட்டலத்தோடு வருகிறார், தம்பியை மடியில் வைத்து ஊட்டுகிறார். வெறுப்பால் எழுதியவர்களுக்கு அந்தப் பொட்டலம் ஞாபகம் வராது.

ஆனால் பெரியப்பா உயிரோடு இருக்கிறார். இங்கேதான் உன் எண்ணம் ஒன்றைத் திருத்த வேண்டும். பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "இது முழுக்கக் கற்பனை" என்று முதல் பக்கத்தில் அச்சிட்டாலும் அதுவே கவசம் ஆகாது. தெரிந்தவர்கள் படித்தால் இன்னார் என்று கண்டுபிடிப்பார்களா என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். கதையில் வருகிறவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், இடது காலை இழுத்து நடக்கிறார், மாசி மாதம் கோயிலில் முதல் மரியாதை வாங்குகிறார். இந்த மூன்றும் சேர்ந்தால் உங்கள் தெருவில் ஒரே ஆள்தான் என்று நினைக்கிறேன். கடையை மாற்று, காலை மாற்று, உறவையே சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ மாற்று. அவர் செல்லக்கனியின் அம்மாவிடம் பேனாவை நீட்டும்போது முகத்தைப் பார்க்காமல் பத்திரத்தையே பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் தொடாதே. அந்தப் பார்வையை வைத்து யாரும் யாரையும் அடையாளம் காட்ட முடியாது.

உண்மையைத்தானே எழுதினேன் என்று நீ கேட்கலாம். உண்மை ஒரு நல்ல பதில்தான். ஆனால் குற்ற வழக்கில் அது உண்மையாக இருப்பதோடு, வெளியிட்டது பொது நன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். அந்தச் சுமையை உன் தலையில் ஏற்றிக்கொள்ள அவசியம் இல்லை.

ஊர்க் கூட்டம் பற்றி ஒரு வார்த்தை. மன்னிப்புக் கேள், புத்தகத்தைக் கொளுத்து என்று உத்தரவிட எந்த ஊர்க் கூட்டத்துக்கும் அதிகாரம் இல்லை. எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் விஷயத்தில் 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன்னிலையிலேயே ஒரு சமாதானக் கூட்டம் நடந்து அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 ஜூலை 5 அன்று சொன்னது. யார் கூப்பிட்டாலும் நீயும் அம்மாவும் தனியாகப் போய் உட்காராதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் குடும்பத்தில் ஒரு கையெழுத்து ஏற்கெனவே போதுமான அளவு வேலை செய்திருக்கிறது.

ஆறாம் அத்தியாயம்

இதை எழுத எனக்குச் சிரமமாக இருக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

பதினைந்து வயதில் நூற்பாலைக்குப் போன பெண் வருகிறாள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று ஊருக்குள் வந்த ஏஜெண்ட் சொல்லி அழைத்துப் போகிறார். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இப்படி எத்தனையோ பிள்ளைகளை நம் ஊர்களிலிருந்து கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கே சூப்பர்வைசர் அவளிடம் நடந்துகொண்ட விதத்தை நீ எழுதியிருக்கிறாய். அது உன் தோழிக்கு நடந்தது, அவள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, உன்னிடம் மட்டும் சொன்னாள் என்று கடிதத்தில் இருக்கிறது.

உன் அப்பாவின் கதை உன்னுடையது. பசி உன்னுடையது. இது உன்னுடையது இல்லை அம்மா, அவளுடையது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு, பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, வசிக்கிற பகுதி என்று அவளை அடையாளம் காட்டும் எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. உன் ஊரிலிருந்து அந்த ஆலைக்குப் போய்ப் பாதியில் திரும்பி வந்த பெண்கள் எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால், உன் புத்தகத்தைப் படிக்கிற ஊர் அரை மணி நேரத்தில் அவள் வாசலுக்கு வந்துவிடும். கல்யாணப் பேச்சு நடக்கும் வீடு அது என்று வேறு எழுதியிருக்கிறாய்.

அவளிடம் கேள். கேட்பது என்றால் "எழுதிட்டேன், பரவாயில்லையா?" என்று கேட்பது இல்லை. உட்கார்ந்து வாசித்துக் காட்டு. வேண்டாம் என்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு. சரி என்றாலும் வயது, ஊர், வேலை செய்த பிரிவு, திரும்பி வந்த காரணம் எல்லாவற்றையும் மாற்று.

இன்னொன்று. நடந்தபோது அவளுக்குப் பதினாறு. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைக்கு நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நீயும் மைனர் என்பதால் இதுவரை சொல்லாததற்காக உன்னைத் தண்டிக்க முடியாது, பயப்படாதே. ஆனால் உன் கடிதத்தைப் படித்த எனக்கு அந்தப் பொறுப்பு வந்துவிட்டது. அதனால்தான் இந்தப் பகுதி பற்றி உனக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அவளைத் தனியே விட்டுவிட்டு எதுவும் நடக்கக் கூடாது என்பது என் கவலை. காலம் கடந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். 181 பெண்கள் உதவி எண். இன்னும் அந்த ஆலையில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம்.

பதிப்பகமும் 24,000 ரூபாயும்

கதையை எழுதி முடித்த அந்த நிமிடமே அதன் பதிப்புரிமை உன்னுடையது. பதிவு கட்டாயம் இல்லை. வயதும் தடை இல்லை. விரும்பினால் 500 ரூபாய் கட்டணத்தில் பதிவு செய்துகொள்ளலாம், செய்யாவிட்டாலும் உரிமை போகாது. அடித்துத் திருத்திய அந்த மூன்று நோட்டுகளே உனக்கு நல்ல சாட்சி. ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து உன் மின்னஞ்சலுக்கே அனுப்பி வை. பெரியப்பா கோபத்தில் இருக்கிறார், வாடகை வீட்டுக்குக் கதவு ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறாய்.

ஒப்பந்தம் போடுவதற்கு மட்டும் பதினெட்டு முடிய வேண்டும். மைனர் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்பது 1903லேயே, வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முடிவு செய்த விஷயம். அப்பா இல்லாத நிலையில் உன் இயற்கைக் காப்பாளர் அம்மாதான். பெரியப்பாவின் கையெழுத்து எதற்கும் தேவை இல்லை. அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்வதைவிட நவம்பர் வரை காத்திரு. ஆறு மாதத்தில் கதை கெட்டுப்போகாது.

இந்தப் பதிப்பகம் அனுப்பிய தாளைப் பார்த்தேன். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு 3,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. அடுத்து, "எல்லா உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கு" என்று ஒரு வரி. காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் உரிமை ஐந்து வருடத்துக்குத்தான் போகும் என்று சட்டம் எழுத்தாளருக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. "நிரந்தரமாக" என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதுகாப்பையும் நீயே தூக்கிப் போட்டதாகும். காசையும் நீ கொடுத்து, கதையையும் நீ கொடுப்பது என்ன வியாபாரம்? அம்மா அந்தக் கடனை வாங்கக் கூடாது. வாரா வாரம் தவணை கட்டப்போவது குச்சி அடைக்கிற அந்தக் கைதான்.

அப்புறம் அந்த 60,000 ரூபாய் கணக்கு. காசு கேட்காத பதிப்பகங்களில் பத்து சதவீத ராயல்டி என்று பரவலாகப் பேசுவார்கள். 200 ரூபாய் புத்தகம் 300 பிரதி விற்றால் உனக்கு 6,000 ரூபாய். முதல் நாவல் 300 விற்பதே நல்ல விற்பனை. உன் மனதை உடைப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு கதைமேல் குடும்பக் கடனை ஏற்றி வைத்தால், அது விற்காத அன்றைக்கு நீ எழுதுவதையே விட்டுவிடுவாய். அதற்குத்தான் பயப்படுகிறேன்.

காலேஜ் இந்த வருடமே

ஒரு வருடம் தள்ளிப் போடாதே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. உயர்கல்வியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கே வரும். அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. உன் பள்ளியிலேயே யாரிடமாவது சொன்னால் ஆன்லைன் விண்ணப்பத்தை அங்கேயே போட்டுத் தருவார்கள். கடிதத்தில் தமிழாசிரியை பற்றி நாலு வரி எழுதியிருக்கிறாய், அவரிடம் போ.

வரிசையாகச் சொன்னால், முதலில் காலேஜ் விண்ணப்பம், அடுத்து பத்திர நகல், அதற்கப்புறம் புத்தகம். இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாவல் சாட்சி ஆகாதுதான். ஆனால் நாளைக்கு வீட்டுக்காக வழக்கு என்று வந்தால், "அம்மா சம்மதித்துக் கொடுத்துவிட்டாள்" என்று செல்லக்கனி சொல்கிற வரியை எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக் காட்டப் பார்ப்பார். பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு எட்டாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுது. கதைக்கும் அது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்குப் பாக்கி இருக்கிறது. கடன் வாங்கித் தருகிறேன் என்கிற அம்மாவுக்கு இந்தக் கதையை வாசித்துக் காட்டினாயா? கடிதத்தில் அது இல்லை. அதில் அவரும் இருக்கிறார். பக்கத்து வீட்டில் அரிசி கடன் கேட்டு நிற்கிற இடமும், உன்னை விறகால் அடித்துவிட்டு அன்று இரவு உன் காலைத் தடவுகிற இடமும் அவருடையவை. குச்சி அடைக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, தினமும் ஒரு அத்தியாயம் வாசி. எடுத்துவிடு என்று அவர் சொல்கிற இடத்தைக் குறித்துக்கொள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். முதலில் பேச வேண்டுமானால் 15100. அம்மாவோடு போ. தாத்தா, அப்பா இருவரின் இறப்புச் சான்று, அப்பாவின் வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது பழையது ஒன்று, உன் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இவற்றை ஒரு பையில் போட்டுக்கொள். நோட்டுகளைக் கொண்டுபோக வேண்டாம். எட்டாம் அத்தியாயத்தின் ஜெராக்ஸ் போதும்.